படிவத்தில் நான் எழுதிய சொல்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் பத்ரிநாத் அவர்களே, மறைந்த அண்ணனின் மகள் மமதா அவர்களே, வேலை முடிந்த கையோடு வந்திருக்கும் மர்பி டவுன் மக்களே, வணக்கம்.

நம் குடியிருப்போர் சங்கச் செயலாளர், மனு மன்னர் அப்பாதுரை அண்ணன் மறைந்துவிட்டார்! நமக்காக மாநகராட்சிக்கு இனி யார் ஆங்கிலத்தில் எழுதுவார்? அவர் சொல்லச் சொல்ல இருபது வருடம் தட்டச்சு செய்த இந்தத் தனக்கோடிக்குத் தெரியவில்லை.

மூன்றாவது குறுக்குத் தெருவில் குடிநீரோடு சாக்கடை கலந்தபோது, கொதித்துப்போய் மனுவில் 'டிமாண்ட்' என்று போட்டேன். அண்ணன் கோடு போட்டு வெட்டினார். "அதிகாரி காதுல அது அதட்டலா விழும்டா. 'ரிக்வெஸ்ட்'னு போடு. 'கம்ப்ளெயின்ட்'னா சண்டைக்காரன்னு நெனைப்பான். 'கன்சர்ன்'னு போடு, உக்கார வச்சுப் பேசுவான்." பேசினார்களா? பேசினார்கள்! எட்டே நாளில் குழாய் மாறியது. எத்தனை தெருவிளக்கு, எத்தனை ரேஷன் கார்டு! எல்லாம் அந்த மெல்லிய சொற்களால் வந்தவை.

போன செவ்வாய்க்கிழமை அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "தாங்க முடியலடா" என்றார். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். படிவம் ஒன்று தந்தார்கள். என்ன தொந்தரவு என்ற கட்டத்தில் 'பெயின்' என்று எழுதப் போனேன். கை நின்றது. அது கத்துகிற சொல்லாயிற்றே! 'ஸ்லைட் டிஸ்கம்ஃபர்ட்' என்று எழுதினேன். செருப்பு கடித்தால் சொல்கிற சொல், ஐயா! அண்ணன் வாங்கிப் பார்த்தார். "மரியாதையா இருக்கு" என்றார்.

அங்கே இருந்த பெண் அதைப் படித்துவிட்டு, "கூத்கொள்ளி, கரீத்தீவி" என்று, உட்காருங்கள் கூப்பிடுகிறோம் என்று கன்னடத்தில் சொல்லி, நாற்காலியைக் காட்டினார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நான் எழுதியதைத்தான் அவர் படித்தார். உட்கார்ந்தோம். ஒன்றேகால் மணி நேரம். பெயரைக் கூப்பிட்டபோது அண்ணன் எழுந்திருக்கவில்லை.

நான் கத்தியிருக்கலாம். எனக்குத் தொண்டை இல்லையா? அண்ணன் முன்னால் கத்தக் கூச்சமாக இருந்தது. மமதா, இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால்தான் மேடையில் சொல்கிறேன்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்ல வேண்டிய இடம் இது. சொல்கிறேன். மனுக்கள் போகும். அந்த ஆஸ்பத்திரிக்கும் ஒன்று எழுதித் தரச் சொல்லி மமதா கேட்டிருக்கிறார். நேற்று உட்கார்ந்தேன். முதல் வரியே வரவில்லை. மெல்லச் சொன்னால் அந்த மனுவும் நாற்காலியில் காத்துக் கிடக்கும். உரக்கச் சொல்லலாம் என்றால், அண்ணன் கோடு போட்டு வெட்ட வருவார் என்று கை நிற்கிறது.

அண்ணே, எந்தச் சொல்லைப் போடட்டும்?