முள் கிழித்த தோல்

— வரமாட்டேன்னு சொன்னியேப்பா.

— வேலூர்ல வேற வேலை இருந்துச்சி. அப்டியே உங்க காலேஜு படக் கண்காட்சிய எட்டிப் பாத்துட்டு ஆம்பூர் பஸ் புடிக்கலாம்னு இப்பதான் உள்ள நொழையறேன்.

— என் படத்தப் பாத்தியா?

— இன்னா பாக்கறது, ஆட்டுத்தோலு. பதினெட்டு வருஷமா கம்பெனியில தோலப் பொரட்டிப் பொரட்டி நம்பர் போடறேன். நல்லதுக்கு ஒண்ணு, சுமாருக்கு ரெண்டு, கிழிஞ்சதுக்கு ரிஜெக்ட். லீவு நாள்லயும் தோலையே பாக்கணுமா? இந்த நாத்தம் வேணாம்னுதான ஜெஸி உன்ன காலேஜுக்கு அனுப்பிச்சேன். மாதா படம் வரையக் கூடாதா?

— அந்தத் தோல்ல இன்னா இருக்குன்னு சொல்லு.

— கை.

— யாரு கை?

— சுண்ணாம்புத் தொட்டியில வெந்த என் எடது கை. எழுபத்தி மூணுல, தொட்டி வேலை பாத்தப்ப வெந்துச்சி. கல்யாண போட்டோல கூட அத உங்கம்மா முதுவுக்குப் பின்னாடி மறைச்சிக்கினேன். நீ ஊருக்கே மாட்டி வெச்சிட்ட.

— கோவமா?

— தழும்பு அச்சா அப்டியே வந்துருக்கு. எப்டி வரைஞ்ச?

— தழும்ப நான் வரையலப்பா. அந்த ஆடு வேலியில பூந்தப்போ முள்ளு கிழிச்சது. அதுக்காக நீ கழிச்சிப் போட்ட தோலுதான். மேனேஜர் ரஃபி பாய் எடுத்துக்கம்மான்னு குடுத்தாரு. அந்தக் கோட்டப் பாத்ததும் உன் கைதான் தெரிஞ்சுது. வெரல மட்டும்தான் சுத்தி வரைஞ்சேன். பின்னாடி நீ ரிஜெக்ட்னு எழுதினத அப்டியே விட்டுட்டேன்.

— அழிச்சித் தொலைக்க வேண்டியதுதான.

— இப்ப யாரோ அழிச்சிட்டாங்க. சாப்பிட்டு வந்து பாத்தா, எங்க டீச்சர் சோபனா மேடம் வாட்ச்மேனப் புடிச்சி காய்ச்சறாங்க. எவனோ படத்த ஆணியில இருந்து எடுத்து, ரிஜெக்ட்டத் தொடச்சிட்டு, சாக்பீஸால ஒண்ணுன்னு போட்டு, திரும்ப மாட்டிட்டுப் போயிருக்கானாம்.

— எவனாவது வேலையத்தவனா இருப்பான்.

— படத்தப் பொரட்டி முதுவுப்பக்கம் பாக்கறவன் யாருப்பா இருப்பான்?

— எனக்கு இன்னா தெரியும். முள்ளு பட்ட தோலுக்கு ஒண்ணு போடறவன் தொழில் தெரியாதவன்.

— கையக் காட்டு.

— கையத்தான் செவுத்துல மாட்டி வெச்சிருக்கியே.

— அது எடது கை. பாக்கெட்ல சொருவி வெச்சிருக்கியே, அந்தக் கைய எடு.

— பேஜார் பண்ணாத ஜெஸி. பஸ்ஸுக்கு நேரமாச்சி.

— எடுப்பா. பாரு, வெரலெல்லாம் சாக்பீஸ் தூளு.

— முள்ளு கிழிச்ச தோலுக்கு நான் ஒண்ணு போட்டது இன்னிக்கிதான். ரஃபி பாய் காதுல போட்டுறாத.