இடது முழங்கால்

பிப்ரவரியின் கடைசி வெள்ளிக்கிழமை காலையில் ஏணியைக் கழுவினேன். குளிர்காலம் முழுவதும் கோழிகள் அதன்மேல்தான் உறங்கியிருந்தன.

பிறகு ஆப்ரிகாட் மரங்களின் அடித்தண்டுக்குச் சுண்ணாம்பு பூசினேன். வாய்க்காலில் மக்கிய இலைகளை வாரிப் போட்டேன். இதில் எதுவும் குற்றமில்லை.

திராட்சைக் கொடியை மட்டும் தொடவில்லை. எங்கள் நமங்கான் ஊரில் எல்லோரையும் போலப் பனிக்கு முன்பே அதைப் படுக்கவைத்து மண் மூடியிருந்தேன். மண்ணை எப்போது திறப்பது என்பதை எங்கள் தெரு என் இடது முழங்காலைக் கேட்டுத்தான் முடிவு செய்யும். உறைபனி வருமுன் அது வலிக்கும். அன்று நன்றாகவே வலித்தது.

பக்கத்து வீட்டு எர்காஷ் நல்லவன். அதுதான் சிக்கல். ஆண்டுதோறும் ஒரு தட்டு நிறையத் திராட்சை அனுப்புவான். தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது. என் திராட்சையை வைத்து அனுப்புவேன். மதிலோரம் நின்று, நான் பார்க்க, ஒவ்வொன்றாகத் தின்பான்.

"புளிப்பும் ஒரு ருசிதாண்ணே."

வரும் ஆகஸ்டில் அவன் மகளின் கல்யாண விருந்து அவனுடைய கொடிப்பந்தலின் கீழ்தான். என்னைத்தான் முதலில் அழைத்தான்.

கவாத்து செய்து வெட்டிப் போட்டிருந்த பழைய கொடிகளை எடுத்து என் பந்தலில் கட்டினேன். மதிலுக்கு அப்பாலிருந்து பார்த்தால் பந்தல் தெரியும், தரை தெரியாது. ஆனாலும் கொடியை மூடிய மண்மேட்டின்மேல் எருவும் வைக்கோலும் பரப்பினேன். நான் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை.

எர்காஷ் எட்டிப் பார்த்தான்.

"அதுக்குள்ள தெறந்துட்டீங்களாண்ணே? முழங்கால் என்ன சொல்லுது?"

ஏணியில் ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

"அடேயப்பா! இந்தக் காலுக்கு இன்னொரு பொண்ணு பார்க்கலாம் போலிருக்கே" என்று சிரித்துவிட்டு மண்வெட்டி எடுக்கப் போனான்.

ஒரு வாரம் நல்ல வெயில். அவன் கொடியில் மொட்டுகள் பருத்தன. பிறகு உறைபனி இறங்கியது. விடிந்தபோது அவை கறுத்துக் கிடந்தன. என் முழங்கால் வலி நின்றிருந்தது.

நண்பகலில் எர்காஷ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். தோளில் மண்வெட்டி, கையில் வேர்விட்ட ஒரு பதியன். என் பந்தலை நிமிர்ந்து பார்த்தான்.

"உங்களுதும் போச்சா. காலு சொன்னதுக்கு நீங்க என்னண்ணே பண்ணுவீங்க? இது ஒண்ணு மட்டும் மண்ணுக்குள்ள மறந்து கெடந்துச்சு. எங்க கொடியோட கன்னு. நீங்க வச்சுக்குங்க."

வேண்டாம் என்றேன். அவன் கேட்கவில்லை. முற்றத்தைச் சுற்றிப் பார்த்தான். பந்தலடியில் இருந்த மேட்டில் ஒரு காலை ஊன்றி, மண்வெட்டியை ஓங்கினான்.

"எருவெல்லாம் போட்டுத் தயாராத்தான் வச்சிருக்கீங்க. இங்கயே வெட்டட்டுமாண்ணே?"