பலமுறை பகிரப்பட்டது

குஜிலியம்பாறையிலிருந்து திண்டுக்கல் போகும் காலை பஸ்ஸில் வலது பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது. என் கணவர் உடையப்பனுக்கு எப்போதும் அந்தப் பக்கம்தான் இடம் பிடிப்பேன். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ். நான் பள்ளியில் அறிவியல் டீச்சர் சார். உங்களுக்குப் புரியும்படியே சொல்கிறேன்.

ஆரம்பத்தில் சிரமமாகத் தெரியவில்லை. பிறகு லீவு தீர்ந்தது. சொந்தக்காரர்கள் போனை எடுப்பதில்லை. அவருக்குத் தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும். தாகத்தில் என்னைத் திட்டுவார், அப்புறம் அவரே அழுவார். நான் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். ஒருநாள் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினார். இந்தத் தலை இப்படியே நிமிராமல் போனால் என்ன என்று தோன்றியது. அதற்குப் பிறகு அந்த நினைப்பு என்னை விடவில்லை.

டயாலிசிஸ் வேண்டாம் என்று நானாகச் சொன்னால் சந்தேகப்படுவார். ஊரே சொன்னால் நம்புவார். அதனால், நெருஞ்சிக் கஷாயம் குடித்துச் சிறுநீரகம் சரியான ஒருவரைப் பற்றிச் செய்தி எழுதினேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர் என்று போட்டேன். டாக்டர்கள் இதை மறைக்கிறார்கள் என்றும் சேர்த்தேன். அந்த வரி இல்லாமல் எதுவும் ஊர் சுற்றாது. பழைய சிம்மிலிருந்து எங்கள் ஊர்ப் பூ விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன்.

சில நாளில் என் நாத்தனாரே அதை எனக்கு அனுப்பினார். மேலே ‘பலமுறை பகிரப்பட்டது’ என்று இருந்தது. நான் எழுதியதுதான். இருந்தாலும், உண்மையாக இருந்துவிடக் கூடாதா என்று திரும்பத் திரும்பப் படித்தேன்.

அவருக்கும் வந்திருந்தது. போனை நீட்டினார்.

“செல்வி, இம்புட்டுப் பேரு சொல்றாக. நீ படிச்சவ. நெசந்தானா?”

“குடிச்சுப் பாப்போம்ங்க. ஆஸ்பத்திரி எங்க போயிரப் போகுது?”

டயாலிசிஸுக்குப் போவதை நிறுத்தினோம். கஷாயத்தை நானே காய்ச்சினேன். அவர் ஆசை தீரத் தண்ணீர் குடித்தார், நான் தடுக்கவில்லை. கால் வீங்கியது, மூச்சு இரைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று கேட்டார். மருந்து வேலை செய்யும்போது இப்படித்தான் இருக்கும் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டேதான் இறந்தார்.

வாக்குமூலத்தில் நீங்கள் ‘தவறான தகவல் பரப்பியது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை சார். பொய் என்று தெரியாமல், நல்லது என்று நம்பி அனுப்பினால்தான் அது தவறான தகவல். என் நாத்தனார் செய்தது அது. நான் தெரிந்தே பொய்யைக் கட்டிவிட்டேன், அவர் சாக வேண்டும் என்று. அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் நீங்கள் கேட்கும் கருப்பம்மாள் செத்த விஷயம் வேறு. அந்த அம்மா டயாலிசிஸில் என் கணவருக்குப் பக்கத்துக் கட்டில். கடைசியாக நாங்கள் டயாலிசிஸுக்குப் போன அன்று அவர் மகள் அந்தச் செய்தியைக் காட்டி, “டீச்சர், அம்மாவுக்குக் குடுக்கலாமா?” என்று கேட்டாள். இவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கூடாது என்று நான் எப்படிச் சொல்வேன்? “குடுத்துப் பாரும்மா” என்றேன்.

அந்த அம்மா மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது சார். அதை மட்டும் தவறான தகவல் என்று எழுதிக்கொள்ளுங்கள்.