ஒன்றரை அடி

— சுவர்த் தடிப்பைக் கழிச்சுப் போட்டு வெளியிலை அளந்தால் பதினாறடி, உள்ளுக்கை பதினாலரை. மிச்ச ஒன்றரை அடி எங்கை போனதெண்டு இஞ்சினியர் கேட்டார், கலிஸ்ரா. நான் சிரிச்சுப்போட்டு விட்டிட்டன்.

— சொல்லியிருக்கலாமே அண்ணா. என்னத்துக்கு வெக்கம்?

— வெக்கமில்லை. அந்தாள் என்ன சொன்னது தெரியுமோ? இந்த அறைச் சுவர்தான் வீட்டிலையே ஆகப் பழசாம். ஒல்லாந்தன் கட்டினதாம். அதுக்குக் கண்ணாடி அடிச்சு, லைற் போட்டு, ஹோட்டலுக்கு வாற சனத்துக்குக் காட்டோணுமாம்.

— அம்மா கேட்டிருந்தால் சிரிச்சிருப்பா. ரெண்டாயிரத்தெட்டிலை மாட்டுக்கொட்டில் கல்லைப் பிடுங்கி, தானே சுண்ணாம்பு குழைச்சுக் கட்டின சுவர். புதுசெண்டு ஒருத்தனுக்கும் தெரியப்படாதெண்டு அடுப்புக்கரி பூசினவா. இஞ்சினியரும் நம்பிட்டார்.

— அப்ப ஒல்லாந்தன்ரை சுவர் எது?

— குசினிப் பக்கம். உங்கடை படத்திலை இடிக்கச் சொல்லிச் சிவப்புக் கோடு போட்டிருக்கிற பக்கம். கடல் முருகைக்கல்லு, ரெண்டு முழத் தடிப்பு. வெள்ளைக்காரன்ரை காலத்திலை அதிலைதான் யன்னல் வெட்டினது. பூட்டன் ஓடு போட்டதும், தொண்ணூறிலை ஷெல் விழுந்த மூலைக்கு அப்பா சீமெந்து பூசினதும் அங்கைதான் கிடக்கு. நானும் அங்கைதான் கிடக்கிறன்.

— உன்னைத் தெருவிலை விடுறனெண்டு ஆர் சொன்னது? மாங்குளத்திலை ஒரு வீடு வாடகைக்குப் பாத்து வைச்சிருக்கிறன். வாசலிலை பஸ் நிக்கும், விளங்குதோ?

— மாங்குளத்திலை கடல் இருக்கோ அண்ணா?

— நீயென்ன கடலுக்கோ போறனி? கருவாடு காயப்போடுறாய். இஞ்சை பார், உனக்குப் புருசன் இல்லை, பிள்ளை இல்லை. ஒரு தனிப் பொம்பிளைக்கு முந்நூறு வருசத்து வீடு என்னத்துக்கு?

— அம்மா பாயிலை கிடந்தது பதினொரு வருசம். அதாலைதான் புருசன் இல்லை.

— அதுக்கு நான் என்ன செய்ய? விரும்பித்தானே பாத்தனி. அம்மாவின்ரை முப்பத்தோராம் நாள் பூசையும் முடிஞ்சுது, வியாழக்கிழமை எனக்குப் பிளேன். வீட்டை விக்கிறதுக்குக் கையெழுத்தை வை.

— உறுதியிலை எங்கடை ரெண்டு பேரின்ரை பேரும் கிடக்கு.

— கிடக்கட்டும். வீடு ஆருக்கெண்டு அம்மா எப்பவோ காட்டிப்போட்டா. இயக்கம் சண்டைக்கு வீட்டுக்கு ஒராள் எண்டு பிடிச்சுக்கொண்டு போன நேரம், சுவர் எழுப்பி ஆரை ஒளிச்சவா? மூத்தவனை. வின்சனை. அந்த ஒன்றரை அடி எனக்கெண்டு கட்டினது, விளங்குதோ?

— ஜெனோசன்?

— தம்பி கிணத்தடியிலை நிண்டவன். அவன்ரை விதி, அவன் அம்பிட்டான். எனக்கு வாகனச் சத்தம் கேட்டது, பூந்திட்டன். அண்டைக்கு அம்மா கோயிலிலை. எத்தினை தரம் இதையே கேப்பாய்?

— நான் இப்பதான் முதல்தரம் கேக்கிறன். அம்மா ஒருநாளும் கேக்கேல்லை. பதினெட்டு வருசமா நீங்கள் போன் எடுத்தால், சாப்பிட்டியோ, அங்கை குளிரோ எண்டு கேட்டிட்டு என்னட்டைத் தந்திடுவா.

— அது கவலையிலை.

— சரி. பேனையைத் தாங்கோ, வைக்கிறன். அதுக்கு முன்னம் ஒருக்கா உள்ளுக்கை போய் நில்லுங்கோ.

— உனக்கென்ன விசரோ?

— உங்களுக்கெண்டு கட்டினது தானே. ஒருக்காப் பாப்பம் எண்டு ஆசை. அலுமாரிக்குள்ளை பூந்து பின்பலகையைத் தள்ளோணும். மறந்திட்டியளோ?

— மறப்பனோ? நாலு மணித்தியாலம் நிண்டனான். அண்டைக்குப் பிடிச்ச முழங்கால் நோவுக்குப் பாரிசிலை ரெண்டுதரம் வெட்டியும் மாறேல்லை. சரி, விலகு. இந்தா, பூந்தாச்சு. போதுமோ?

— பலகையைச் சாத்துறன். அண்டைக்கு மாதிரி இருக்கட்டும்.

— கலிஸ்ரா, ஒண்டும் தெரியேல்லை. மூச்சு முட்டுது. காத்துக்கு ஒரு ஓட்டை இருந்ததே, எங்கை அது?

— கையாலை தடவிப் பாருங்கோ.

— முகத்துக்கு நேரை இல்லை. ம், இந்தா. நெஞ்சடியிலை கிடக்கு.

— அண்டைக்கும் அங்கைதான் கிடந்தது. நீங்கள் ஆறடி ஆள். அதுதான் நாலு மணித்தியாலமும் முழங்காலை மடிச்சு நிண்டனீங்கள்.

— என்ன கதை கதைக்கிறாய் நீ?

— தம்பி கிணத்தடியிலையிருந்து ஓடி வந்து அலுமாரியைத் தட்டினவன். கனநேரம் தட்டினவன். நான் கட்டிலுக்குக் கீழை கிடந்தனான், எனக்கே கேட்டது.

— எனக்குக் கேக்கேல்லை. கலிஸ்ரா, பலகையைத் திற.

— உங்களைப் பேதுரு மாமாவின்ரை வள்ளத்திலை கடல் தாண்டி அனுப்புறதெண்டு அம்மா ஒழுங்கு செய்து முடிச்சிருந்தவா.

— திற எண்டு சொல்லுறனெல்லே.

— அந்த ஓட்டைக்கு உயரம் பாக்க அம்மா நூல் பிடிக்கேக்கை எனக்குப் பதிமூண்டு வயசு. ஒரு நுனியை நிலத்தோடை அமத்திக்கொண்டு இருந்தது நான், மற்ற நுனி ஜெனோசன்ரை வாயடியிலை.