மேடைக்காகச் செய்த மூச்சு

அட்டைப்பெட்டியின் மூடி மெதுவாக வழுக்கிக்கொண்டு வரவேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். வெடுக்கென்று திறந்தால் சாமான் மலிவாகத் தெரியும். எங்கள் மூடியை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. இதை நீங்கள் பதிவுசெய்ய வேண்டியதில்லை, அதிகாரி அவர்களே. எங்கிருந்தாவது ஆரம்பிக்க வேண்டுமே என்று சொல்கிறேன்.

நாங்கள் செய்தது ஒரு தலைமாட்டு விளக்கு. நோயாளி தூங்கும்போது, அவரைத் தொடாமலே மூச்சைக் கவனிக்கும். அதன் சின்னத் திரையில் மூச்சு ஒரு கோடாக ஓடும். மூச்சு சீராக இருந்தால் பச்சையாக எரியும். தடுமாறினால் சிவப்பாகி அலறும். வீட்டில் இருப்பவர்கள் ஓடி வரலாம். அதை ஊருக்குக் காட்டி, முன்பதிவு வாங்கி, சொன்ன தேதிக்கு வீடுகளுக்கு அனுப்பிவைப்பது என் பொறுப்பு.

அறிமுக விழாவுக்கு விளக்கு தயாராகிவிட்டது. உள்ளே ஓட வேண்டிய சாஃப்ட்வேர் தயாராகவில்லை. எங்கள் தொழிலில் இது புதிதல்ல, மேடைக்கென்று தனியாக ஒன்று செய்துகொள்வோம். நல்ல தூக்கம் ஒன்றைப் பதிவுசெய்து அதையே திரும்பத் திரும்ப ஓடவிடுவது. யாருடைய தூக்கம் என்ற பேச்சு வந்தபோது என் மகளுடையதைக் கொடுத்தேன். இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். மேடைக் கட்டிலில் ஒரு நடிகர் படுத்திருந்தார். திரையில் என் மகளின் மூச்சு ஏறி இறங்கியது. அரங்கமே எழுந்து கைதட்டியது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு தாமதம். முதல் முறை மன்னிப்புக் கேட்டோம். அடுத்த முறை தள்ளுபடி கொடுத்தோம். அதற்கு மேல் ஜனங்கள் எங்களை ஏமாற்றுக்காரர்கள் என்று வெளிப்படையாகவே எழுத ஆரம்பித்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“இன்னொரு தடவை தள்ளிப்போட்டா கடையைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான். ஏதாவது பண்ணுய்யா.”

ஏதாவது பண்ணு என்றுதான் அவர் சொன்னார். என்ன பண்ணுவது என்று முடிவு செய்தது நான். பழியை அவர்மேல் போட நான் இங்கே வரவில்லை.

சாஃப்ட்வேர் குழுவின் தலைவிக்கு நாங்கள் வைத்த பெயர் பிரேக். எந்த யோசனை சொன்னாலும் முதலில் காலை அழுத்துவாள். மேடைக்காகச் செய்ததையே பெட்டியில் போட்டு அனுப்பிவிடலாம், அசல் தயாரானதும் அப்டேட்டாக அனுப்பிக்கொள்ளலாம் என்றேன்.

“சார், அது எதையுமே பாக்காது. கட்டில்ல தலகாணியை வெச்சாலும் பச்சைதான் எரியும்.”

“தெரியும்மா. கொஞ்ச நாளைக்குத்தானே?”

“அப்படின்னா திரை ஓரத்துல ‘மாதிரிக் காட்சி’ன்னு ஒரு வரி இருக்கில்ல, அதையாவது விட்டுவைங்க. யாராவது பாத்துக் கேட்டா உண்மையைச் சொல்லிடலாம்.”

பார்க்க அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடு என்றேன். மாட்டேன் என்று சொல்லிவிட்டு அன்றைக்கே வேலையை விட்டுப் போனாள். வேறொருவனை வைத்து எடுத்தேன். அவனுக்கு அது எதற்கு என்று தெரியாது, அவனை விட்டுவிடுங்கள்.

பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. திட்டியவர்களே நன்றி எழுதினார்கள். எத்தனையோ நாளுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினோம் என்று எழுதினார்கள். அதையெல்லாம் நானே எடுத்து விளம்பரத்தில் போட்டேன். பெட்டிகள் போய்விட்டதால் அலுவலகத்தில் அவசரம் குறைந்துவிட்டது. அப்டேட் இழுத்துக்கொண்டே போனது.

எலக்ட்ரீஷியன் ஒருவர் ஒரு காலை நேரத்தில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அவர் மனைவிக்கு நுரையீரலில் கோளாறு. பல மாதமாகப் பக்கத்தில் உட்கார்ந்து கண்விழித்துப் பார்த்துக்கொண்டவர், விளக்கு வந்த பிறகுதான் படுக்க ஆரம்பித்திருக்கிறார். சில நாளுக்கு முன்பு ஒரு காலையில் எழுந்தபோது பச்சைதான் எரிந்திருக்கிறது. அவள் அசந்து தூங்குகிறாள் என்று, டம்ளர் சத்தம்கூட கேட்காமல் டீ போட்டுக் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போயிருக்கிறார். சாயங்காலம் திரும்பி வந்தபோதும் பச்சை, அவள் உடம்புதான் சில்லிட்டுக் கிடந்திருக்கிறது.

அவர் சத்தம் போடவில்லை. வரவேற்பறை மேசையை ஒதுக்கி, ஒயரைச் செருகி விளக்கை வைத்தார். எதிரே காலி நாற்காலி. விளக்கு பச்சையாக எரிந்தது, மூச்சுக் கோடு ஏறி இறங்கியது.

“இது யாரோட மூச்சு சார்?”

பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. நடுவில் ஓரிடத்தில் என் மகள் புரண்டு படுப்பாள், கோடு ஒரு துள்ளு துள்ளும். அது துள்ளியது. சென்சாரில் ஏதோ பிசகு, வேறு மாற்றிக் கொடுத்துவிடுகிறோம் என்றேன். புதுப் பெட்டி ஒன்றை அவர் கையில் கொடுக்கவும் செய்தேன். அவர் அதைப் பிரிக்காமல் நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த முகத்துக்கு முன்னால் நின்றதை நினைத்தால் இப்போதும் கூசிப்போகிறேன். வீட்டில் மகள் தூங்கினால் அந்தப் பக்கமே போவதில்லை.

இப்படி ஆகும் என்று தெரியாது என்றுதான் நேற்று வரை எல்லோரிடமும் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பியும்விட்டேன். உங்களிடமும் அதையே சொல்லலாம் என்றுதான் வந்தேன். ஆனால் என் அக்காவும் அந்த விளக்குக்கு முன்பதிவு செய்திருந்தாள், அத்தானுக்காக. அவருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். லாரிகள் கிளம்புவதற்கு முன்பே அவள் பெட்டியை மட்டும் எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, அவளுக்கு போன் செய்தேன்.

“அக்கா, உன்னோடதை நிறுத்தி வெச்சிருக்கேன். அடுத்த லாட்ல வாங்கிக்கோ. அதுவரைக்கும் அத்தான் பக்கத்துல யாராவது முழிச்சிருங்க.”

“ஏன்டா, ஏதாவது கோளாறா?”

“கோளாறெல்லாம் ஒண்ணுமில்லக்கா.”

அக்காவும் அவள் மகனும் முறைபோட்டு விழித்திருந்தார்கள். அத்தான் நன்றாக இருக்கிறார்.