பலராமன் மோட்டார்

— மழுப்பாதீங்க பெரியவரே. காலையில மோட்டாரப் போட்டியளா, இல்லியா?

— போட்டேன் நைனா. இல்லன்னா சொன்னேன்? சித்த நேரம்தான். நீ வேலியாண்ட வர்றத பாத்ததும் நிறுத்திட்டேன். குந்து மொதல்ல. வெயில்ல வந்துகீற.

— உக்காருறதுக்கு வரல்ல. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? நீங்க இங்க சுவிச்சப் போட்டா எங்க கம்பெனில வோல்டேஜ் எறங்குது, கம்ப்யூட்டர் படுத்துருது. ரெண்டுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர், பாத்துக்கிடுங்க.

— பெரிய மிசினு பெரிய மிசினுன்றீங்க. என் அஞ்சு எச்.பி. மோட்டாரு இருமுனா படுத்துக்குது. அந்த மிசினு ரூமு நிக்கிற எடம் முந்தி எங்க கேவுரு வெளஞ்ச கொல்லதானே, என் பேச்ச கேக்காம இன்னா பண்ணும்? இந்தா, மோரு குடி.

— சிரிக்காதீங்க. அது படுத்தா எனக்குல்லா பாடு! ஸ்டோர்ல என்ன சாமான் இருக்கு, எந்த லாரிக்கு எதை ஏத்தணும், எல்லாம் அதுக்குள்ளதான் கெடக்கு. அது நின்னா பில்லு வராது, பில்லு இல்லாம லாரி கேட்டைத் தாண்டாது. டிரைவருமாரு எல்லாரும் கண்ணாடி வழியா என்னையவே பாத்துக்கிட்டு நிப்பாவ.

— பாக்கட்டுமே. ஏசில குந்திகினு கீறவனுக்கு இன்னா கஷ்டம்?

— ஏசி எனக்கில்ல, மெஷினுக்கு. உள்ள யாரும் வரக்கூடாது, செருப்பு கூடாது, டீ கூடாது. பங்குனி வெயில்ல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் நான் ஒருத்தன்தான்.

— பேச்சுத்தொணைக்குக்கூடவா ஆளு இல்ல?

— யாரு பேசுவா? தொழிலாளிகளுக்கு நான் அவங்க வேலையப் பிடுங்க வந்த மெஷினுக்கு எடுபிடி. ஆபீஸ்காரங்களுக்கு நான் மெஷின் பையன். லாட்ஜுக்குப் போனா அங்கயும் நாலு செவருதான் இருக்கு.

— உம். வேர்க்கல்ல வறுத்து வெச்சிகீறேன், எடுத்துக்கோ.

— ஆமா, மோட்டார் ஓடுச்சுங்கீங்க, வாய்க்கா காஞ்சுல்லா கெடக்கு?

— இந்த வெயிலுக்கு வுட்ட தண்ணிய அப்பவே மண்ணு குடிச்சிடுது நைனா. நீ கல்லய துன்னு.

— நான் செய்யாதது என்ன இருக்கு, சொல்லுங்க. ஸ்டெபிலைசர் வச்சாச்சு. எர்த் குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு, தெனமும் நானே ஒரு கொடம் தண்ணி ஊத்துதேன். எலி கடிக்கும்னு ஒயரு பூராத்தையும் பைப்புக்குள்ள விட்டேன். அப்புறமும் வாரம் தவறாம நிக்குது. கடைசில பலராமன் மோட்டார்தான் காரணம்னு மேனேஜருக்கு எழுதியே குடுத்துட்டேன்.

— என் பேரயா எழுதிக் குடுத்த?

— கோவிச்சுக்கிடாதீங்க. கம்பெனி பூரா இப்ப அப்படித்தான். மெஷின் நின்னா டைப்பிஸ்ட் கிரேசி 'பலராமன் வந்துட்டாரு'ன்னு சத்தம் குடுப்பா. லாரிக்காரங்ககூட 'பலராமன் போயாச்சா, பில்லு வருமா'ன்னு கேக்காவ.

— அடங்கொப்புரானே! உள்ள என் பேரு அடிபடுதா?

— நல்லாவே அடிபடுது.

— எனுக்கு எதுக்கு நைனா கோவம்? என் பொஞ்சாதி கனகம் செத்தப்பறம் என் பேர யாரு வாயால சொன்னா? இந்தத் தெருவுல எல்லாரும் நெலத்த குடுத்துட்டு பல்லாவரம், தாம்பரம்னு பூட்டாங்க. எம்புள்ள ரகுபதி அம்பத்தூர்ல கீறான். பொங்கலுக்கு வந்தான், மறுநாளே பஸ் ஏறிட்டான். போஸ்ட்மேன்கூட சைக்கிள இந்தப் பக்கம் திருப்பறதில்ல. நீ ஒர்த்தன்தான் வாரா வாரம் சண்டைக்கு வர.

— சண்டைக்கா வாரேன்?

— சண்டைக்குத்தான் வர. அப்பால மோரு குடிக்கிற. உங்க ஊரு கடலு, உங்கம்மா வெக்கற மீன் கொழம்பு, மாதா கோயில் தேருன்னு பேசற. நீ போனப்பறம் அந்தப் பேச்ச வெச்சிகினு நான் நாலு நாளு ஓட்டிடுவேன்.

— பேச்ச மாத்தாதீங்க பெரியவரே. போன வாரமே மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. இன்னும் ஒரு தடவை நின்னா கம்ப்யூட்டர மெட்ராஸ் ஹெட் ஆபீஸுக்கே அனுப்பிருவாராம். பழையபடி கையாலயே பில்லு போட்டுக்கிடுவோம்னுட்டாரு.

— அனுப்பிட்டா நீ?

— அந்த மெஷினுக்காக எடுத்த ஆளு நான். அது இல்லாட்டா எனக்கு இங்க என்ன சோலி? தூத்துக்குடிக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

— வேற கம்பெனில சேத்துக்க மாட்டாங்களா?

— ஓடாத மெஷினக் கட்டிக்கிட்டு அழுதவன்னு பேரு வாங்கியாச்சு. அந்தப் பேரோட எவன் சேத்துக்கிடுவான்?

— அருளு.

— சொல்லுங்க.

— இன்னும் கொஞ்சம் மோரு?

— வேண்டாம். என்னமோ சொல்ல வந்தீங்க.

— எந்திரி. மோட்டார் கொட்டாய் வரைக்கும் வா.

— இப்ப எதுக்கு?

— வான்றேன் இல்ல. இந்தா சாவி. நீயே தொற. எனுக்குக் கை வரல.

— பெரியவரே! இங்க மோட்டாரே இல்லியே. வெறும் போல்ட்டுதான் நிக்குது.

— தை மாசமே காயிலு எரிஞ்சி போச்சி. கழட்டி எடுத்துகினு பெரும்பூதூர் போனேன். மெக்கானிக்கு இது தேறாதுன்ட்டான். அங்கியே போட்டுட்டு வந்துட்டேன்.

— தை மாசமா? அப்ப மாசி பூரா நான் வந்து வந்து கத்துனேனே! ஒவ்வொரு தடவையும் 'இப்பத்தான் நிறுத்துனேன்'னு சொன்னியளே!

— மொத தபா நீ வந்தப்ப நெசமாவே ஓடிச்சி. நீ சொன்ன, நிறுத்துனேன். எரிஞ்சப்பறம் மறுக்கா வந்து கேட்ட. மோட்டாரே இல்லப்பான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீ அப்டியே திரும்பிப் போயிருப்ப. அப்பால எதுக்கு வருவ?

— என்ட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பெரியவரே.

— திட்டு, நல்லா திட்டு. நான் சொன்ன பொய்ய நம்பி நீ வேற எங்கியும் தேடாம வுட்டுட்ட. கோளாறு உங்க கம்பெனிக்குள்ளியேதான் எங்கியோ கீது. இப்பவே ஓடு. கெழவன் பொய் சொல்லிட்டான்னு மேனேஜராண்ட சொல்லு. நம்பலன்னா நானே வந்து சொல்றேன். போய்த் தேடு நைனா. மிசினும் போவாது, நீயும் போவ வேணாம்.

— தேடுறதுக்கு அங்க ஒண்ணுமில்ல பெரியவரே. கம்ப்யூட்டர நேத்தே லாரில ஏத்தி அனுப்பிட்டாவ. ராத்திரி எனக்கு பஸ்ஸு. போயிட்டு வாரேன்னு சொல்லத்தான் வந்தேன். உங்க மொகத்தப் பாத்ததும் அது வாயில வரல்ல, மோட்டாரத்தான் கேட்டேன்.