தொரைக்கு ஏற்ற ஆள்

நாயை உலாவக் கூட்டிப்போக ஆள் தேடுவது, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைவிடச் சிக்கலான காரியம் ஐயா. மாப்பிள்ளை பிடிக்கவில்லையென்றால் பெண் வாய்விட்டுச் சொல்லிவிடுவாள். நாய் சோபாவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்; காரணத்தை நாம்தான் ஊகிக்க வேண்டும்.

எங்கள் தொரைக்குப் பயந்த சுபாவம். குடை விரிந்தால் ஓடுவான். தும்மல் சத்தம் கேட்டால் நடுங்குவான், அது அவனுடைய தும்மலாகவே இருந்தாலும்.

முதலில் வந்த நிறுவனத்தார் ஏழெட்டு நாய்களை ஒரே கும்பலாக நடத்திப்போவார்கள். கலகலப்பான நாய்களுக்கு அது பொருத்தம். தொரை தெருமுனையிலேயே ஒரு காருக்கு அடியில் புகுந்துவிட்டான். பாவம், காரின் சொந்தக்காரர் அன்று அரைநாள் விடுப்பு எடுத்தார். அடுத்தவர் காவல் நாய்களைப் பழக்கியவர். "உட்காரு" என்று ஓர் அதட்டல் போட்டார். தொரை உட்காரவில்லை. நான் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகுதான் மூன்றாவதாக ஓர் இளைஞர் வந்தார்; தம்பி என்றுதான் நான் கூப்பிடுவேன். நாயைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்து என்னிடம் பேச ஆரம்பித்தார். "அவனா வரட்டும் சார். நாம அவசரப்பட்டா இன்னும் ஒதுங்கிடுவான்." சற்று நேரத்தில் தொரை தானே வந்து அவர் முழங்கையை முகர்ந்தான். இவர்தான் ஆள் என்று அப்போதே முடிவுசெய்துவிட்டேன்.

அன்றுமுதல் மாலை உலா முடிந்ததும் தம்பி எங்கள் கூடத்தில் தேநீர் குடிப்பார். தொரை எந்தத் தெருவில் வாலாட்டினான், எந்தப் பூனையைப் பார்த்தும் பார்க்காததுபோல் நடந்தான் என்றெல்லாம் சொல்வார். கிளம்பும்போது என் முதுகுவலியை விசாரிப்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என் முதுகைப் பற்றி யாரும் கேட்டதில்லை. மனைவிக்கு அது பழைய செய்தி.

போன வாரம் ஒருநாள் தேநீரை வைத்துவிட்டுச் சொன்னார்: "நாளையோட நான் நிறுத்திக்கிறேன் சார். வீட்டுக்காரிக்கு வெளியூர்ல வேலை கிடைச்சிருக்கு. நல்ல ஆளா ஒருத்தரைக் காட்டிவிட்டுட்டுப் போறேன்."

எனக்காக நான் கவலைப்படவில்லை. தொரையின் மனசு என்ன பாடுபடும் என்பதுதான் என் யோசனை.

மறுநாள் மனைவி அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். தொரையின் பழைய கழுத்துப்பட்டை மாடி அறையில் இருக்கிறது, எடுத்துவாருங்கள் என்று தம்பியை மேலே அனுப்பினேன். நான் பூட்டிவைத்ததாகச் சொல்கிறீர்கள். பூட்டவில்லை ஐயா. வெளியே தாழ்ப்பாள் மட்டும் போட்டேன். கைப்பேசியைக் கூடத்திலேயே விட்டுப்போனது அவருடைய மறதி. அதை அணைத்து வைத்தேன், சார்ஜ் வீணாகக் கூடாதல்லவா.

அறையில் மெத்தை, மின்விசிறி, குளியலறை எல்லாம் உண்டு. ராத்திரிச் சாப்பாடு, காலைக் காப்பி இரண்டும் மாடி வராந்தா ஜன்னல் வழியாக. கதவைத் தட்டாமல் இருந்தபோதெல்லாம் கூடுதலாக ஒரு பிஸ்கட். நல்ல நடத்தைக்கு உடனுக்குடன் பரிசு தர வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான்.

மறுநாள் காலை மனைவி திரும்பிவந்தாள்.

"என்னங்க, மாடியில யாரோ தட்டுறாங்க."

"காத்து."

"காத்து 'சார், கதவைத் திறங்க'ன்னு கெஞ்சுமா?"

நான் தடுப்பதற்குள் ஏறிப்போய்த் திறந்துவிட்டாள். தம்பி செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். தொரையிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

"நீங்க செஞ்சது உங்களுக்கே நல்லா இருக்கா?" என்றாள் மனைவி.

"தொரை ஏங்கிப்போயிடுவான்."

"அவன் குறட்டை விட்டுத் தூங்குறான். கண் கலங்கி நிக்கிறது நீங்க."

தூசி விழுந்திருக்கும்.

ஆமாம் ஐயா, ஒரு மனிதரை ஓர் இரவு முழுக்க அடைத்துவைத்தேன். மறைக்க ஒன்றுமில்லை, உங்கள் வாக்குமூலத் தாளில் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். தயவுசெய்து காலை மட்டும் அசைக்காதீர்கள். தொரை உங்கள் பூட்ஸ்மேல் தலைவைத்துப் படுத்துவிட்டான். புதியவர்களிடம் இவ்வளவு சீக்கிரம் அவன் ஒட்டியதே இல்லை.

சாயங்காலங்களில் உங்களுக்கு வேலை எத்தனை மணிக்கு முடியும்?